கணுக்காலுக்கும் ஒரு பாடம்: மறுவாழ்வுச் சிகிச்சையில் வீடியோ விளையாட்டுகள்

முன்னுரை

வீடியோ விளையாட்டு என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கண் கெடும், படிப்பு கெடும், பொழுது வீணாகும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால், அதே விளையாட்டு கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் மருத்துவமனைகளின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பக்கவாதம் வந்தவர்கள், தடுக்கி விழும் முதியவர்கள், காலில் அடிபட்ட விளையாட்டாளர்கள் எனப் பலரும் தொலைக்காட்சித் திரைக்கு முன் நின்று உடற்பயிற்சி செய்கிறார்கள். இவர்களுள் கணுக்கால் அடிக்கடி மடங்கிப் போகும் ஒருவருக்கு இவ்விளையாட்டுகள் எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

நான் மருத்துவம் படிக்கவில்லை, கணக்கியல் படிக்கிறேன். ஆனால், மூன்று முறை சுளுக்கிய இடது கணுக்கால் எனக்கு உண்டு. அதற்காகத் தேடிப் படித்ததையும், ஆறு வாரம் செய்து பார்த்ததையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தெருவும் என் காலும்

ஜார்ஜ்டவுன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைப் பினாங்குக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முன்பு பிட் ஸ்திரீட் என்று அழைக்கப்பட்ட சாலை அது. 1801-இல் தோன்றிய பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், குயின் ஸ்திரீட்டில் வாசல் வைத்திருக்கும் மகாமாரியம்மன் கோயில், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என நான்கு சமயத்தாரின் வழிபாட்டுத் தலங்களும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், அதை நல்லிணக்க வீதி என்பார்கள். 2008-இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரானது. அந்தச் சாலையில் ஒரு பணமாற்றுக் கடையில்தான் என் அப்பா வேலை செய்கிறார்.

சுற்றுப்பயணிகள் அங்கே மினாராவை அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பார்கள். நான் தரையைப் பார்த்து நடப்பேன். காரணம், கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை. 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த சிங்கப்பூர் நகரத் திட்டத்தில், கடைகளின் முன்புறம் கூரையுடன் கூடிய தொடர் நடைபாதை வேண்டும் என்ற விதி இருந்தது. மலாயா நகரங்களிலும் அவ்வழக்கம் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் அது நல்ல நிழல்தான். ஆனால், ஒவ்வொருவரும் தத்தம் வாசலுக்கு ஏற்றபடி தளம் போட்டுக்கொண்டதால், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் உயரம் மாறும். ஒரு வாசலில் சொரசொரப்பான சிமெண்டு, அடுத்த வாசலில் வழுக்கும் ஓடு, இடையே ஒரு படி, படிக்குக் கீழே சாக்கடை மூடி, அதன்மேல் நிறுத்திய மோட்டார் சைக்கிள். உறுதியான கால் உள்ளவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

என் கால் முதன்முறை சுளுக்கியது நான்காம் படிவத்தில், வலைப்பந்துத் திடலில். பந்தைப் பிடிக்கத் துள்ளிய நான், இறங்கும்போது தோழியின் காலணிமேல் இறங்கிவிட்டேன். இரண்டாம் முறை, பல்கலைக்கழகம் வந்த முதலாண்டில், ஒரு படிக்கட்டில். மூன்றாம் முறைதான் அந்த ஐந்தடி நடைபாதையில். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். என் கையில் அக்காவின் ஒன்பது மாதக் குழந்தை. கடை மாறும் இடத்தில் படி இறங்கியபோது கால் உட்புறமாக மடங்கியது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. அக்கா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. ஆனால், அன்று முதல் படி வரும் இடங்களில் எல்லாம் ஒன்றும் சொல்லாமல் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வாள். வீக்கத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

கணுக்கால் ஏன் மீண்டும் மீண்டும் மடங்குகிறது?

கணுக்காலின் வெளிப்புறத்தில், எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் மூன்று நார்கள் உள்ளன. உட்புறத்தில் இருப்பது அகன்ற, வலிமையான ஒரு நார்த்தொகுதி. ஆகவே, பாதம் உட்புறமாகத் திரும்பி, வெளிப்புற நார்கள் இழுபடுவதே பெரும்பாலான சுளுக்குகளில் நடக்கிறது. மூன்றில் முன்பக்கம் இருக்கும் நார்தான் வழக்கமாக முதலில் அறுபடும்.

நார் ஆறிவிட்டால் கால் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால், சுளுக்கியவர்களில் கணிசமானோருக்கு, சில ஆய்வுகளின்படி பத்தில் நால்வர் வரை, தொல்லை நீடிக்கிறது. கால் அடிக்கடி மடங்கும். மடங்கிவிடுமோ என்ற அச்சம் எப்போதும் இருக்கும். இதைத்தான் நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை என்கிறோம்.

இதற்கு 1965-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஃப்ரீமன் ஒரு விளக்கம் தந்தார். நார் என்பது வெறும் கயிறு இல்லை. அதனுள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியை அவை மூளைக்கு அனுப்புகின்றன. நார் கிழியும்போது செய்தி அனுப்பும் வழியும் கெடுகிறது. எனவே, நாரை ஆற்றினால் மட்டும் போதாது, காலுக்கு மீண்டும் நிற்கக் கற்பிக்க வேண்டும் என்றார். அதற்காக ஆடும் பலகையில் நின்று செய்யும் பயிற்சிகளைக் கையாண்டார். பின்வந்த ஆய்வாளர்கள் நரம்பு முனைகள் மட்டுமே காரணம் இல்லை என்று காட்டினார்கள். வெளிக்கால் தசைகளின் வலுவின்மை, மூளை அசைவைத் திட்டமிடும் முறையில் ஏற்படும் மாற்றம், பயம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. ஆனாலும், சமநிலைப் பயிற்சி வேண்டும் என்ற அவருடைய முடிவு இன்றும் நிற்கிறது.

கண்ணிமைக்கும் நேரத்தில் கால் மடங்கிவிடுகிறது. மடங்கிய பிறகு தசை விழித்துக்கொண்டு பிடித்து நிறுத்துவதற்குப் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே தசை ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த ஆயத்தம் பழக்கத்தால் மட்டுமே வரும்.

சுளுக்கும் நம் வழக்கமும்

தமிழில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கால் சுளுக்கியது, பிசகியது, பிரண்டது, மடங்கியது என்கிறோம். இயன்முறை சிகிச்சையாளர் என்னிடம், "சுளுக்கிடுச்சா, இல்ல சும்மா மடங்கி நேரா ஆயிடுச்சா?" என்று கேட்டபோதுதான் இச்சொற்களின் வேறுபாடு உறைத்தது. வீங்கி வலித்தால் அது சுளுக்கு. வீக்கமில்லாமல் வாரத்துக்கு நான்கு முறை மடங்கி நிமிர்ந்தால், அதுதான் நிலையின்மையின் அடையாளம்.

பாட்டி சொன்னது ஒன்றே: "எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாப் போயிடும்." நீவிவிடுவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால், அடிபட்ட முதல் இரண்டு, மூன்று நாள்களில் அழுத்தித் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டக்கூடும். அந்நாள்களில் காலை உயர்த்தி வைத்து, கட்டுப் போட்டு, வலி தாங்கும் அளவுக்கு மெல்ல அசைத்து வருவதே நல்லது.

எலும்பு முறிவா என்ற ஐயத்தைத் தீர்க்க, 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாக்கப்பட்ட எளிய விதி ஒன்று உண்டு. கணுக்கால் மூட்டின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமற் போனாலும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை எப்படி வேலை செய்கிறது?

மருத்துவமனையில் எனக்கு ஒரு ரப்பர் பட்டையும் பயிற்சித் தாள் ஒன்றும் தந்தார்கள். ஒற்றைக் காலில் 30 விநாடி நில், பட்டையை வெளிப்புறமாக 15 முறை இழு. சரியான பயிற்சிகள்தாம். மூன்று நாள் செய்தேன். நான்காம் நாள் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று விட்டேன். அதன்பின் அந்தத் தாள் புத்தகத்துக்குள் அடையாளமாக மாறிப்போனது. உண்மையில் நேரம் இல்லாமல் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சலிப்பாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மாமா வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடந்த நிண்டெண்டோ வீ கருவி கண்ணில் பட்டது. 2006-இல் வெளிவந்த கருவி அது. அதற்கென 2007 இறுதியில் ஜப்பானில் 'வீ ஃபிட்' என்ற விளையாட்டும் ஒரு சமநிலைப் பலகையும் வந்தன. குளியலறை எடைக்கருவி போன்ற அப்பலகையின் நான்கு மூலைகளிலும் எடையை உணரும் உணரிகள் உள்ளன. எந்த மூலையில் எவ்வளவு பளு விழுகிறது என்பதைக் கொண்டு, உடலின் அழுத்த மையம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். நாம் சாய்ந்தால் புள்ளி சாயும். உருளும் பந்துகளை மேசையைச் சாய்த்துக் குழியில் விழவைப்பது, பனிச்சறுக்கில் கொடிகளுக்கு இடையே வளைந்து போவது, கயிற்றின்மேல் நடப்பது எல்லாம் இந்தப் புள்ளியை வைத்துத்தான்.

இது பொம்மைதானே என்று தள்ளிவிட முடியாது. 2010-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ராஸ் கிளார்க் குழுவினர், ஆய்வுக்கூடத்தில் பயன்படும் விலை உயர்ந்த அளவுமேடையோடு இப்பலகையை ஒப்பிட்டு, நிற்கும்போது ஏற்படும் தள்ளாட்டத்தை இது நம்பத்தக்க அளவில் அளக்கிறது என்று கண்டார்கள். உடல் அசைவைக் கேமராவால் பார்க்கும் கினெக்ட் கருவி 2010-இலும், வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியாடும் 'ரிங் ஃபிட்' 2019-இலும் வந்தன. வீ, கினெக்ட் இரண்டும் இப்போது புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. பழையவை பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன.

முதல் நாள் பலகையில் இரு காலிலும் ஏறி நின்றேன். நேராக நிற்கிறேன் என்றுதான் எண்ணினேன். இடது 42 விழுக்காடு, வலது 58 விழுக்காடு என்று திரை காட்டியது. என் உடல் எனக்கே தெரியாமல் இடது காலை நம்பாமல் இருந்திருக்கிறது! பயிற்சித் தாள் இதை எனக்குச் சொல்லவே இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வீடியோ விளையாட்டு சாதாரணப் பயிற்சியைவிடச் சிறந்ததா?

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் கணுக்கால் சுளுக்கிய 90 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரு குழு ஆறு வாரம் வீட்டில் வீ ஃபிட் விளையாடியது. ஒரு குழு இயன்முறை சிகிச்சையாளரிடம் சென்றது. ஒரு குழுவுக்குப் பயிற்சியே தரவில்லை. மூன்று குழுவும் தேறின. வீ ஃபிட் குழு மற்றவற்றைவிட மேலாகத் தேறவில்லை.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆய்வு உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் தேவிந்தர் கௌர் அஜிட் சிங் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்திலிருந்து மீண்டு வரும் 28 பேர் பங்கேற்றனர். ஒரு குழுவுக்கு இரண்டு மணி நேரச் சிகிச்சையில் 30 நிமிடத்தை எடுத்துவிட்டு, திரை விளையாட்டைக் கொடுத்தார்கள். முடிவில் இரு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. கணுக்காலுக்கும் பக்கவாதத்துக்கும் வேறுபாடு பெரிது என்றாலும், ஜெனீவா முடிவோடு இது ஒத்துப்போகிறது. விளையாட்டு ஈடாக நிற்கலாம், மிஞ்சிவிடாது.

சரி, சாதாரணப் பயிற்சிக்குப் பலன் உண்டா? உண்டு. 2009-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றில், ஏற்கெனவே சுளுக்கிய 522 விளையாட்டாளர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் எட்டு வாரம் வீட்டிலேயே, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டில், பயிற்சி செய்யாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கு மீண்டும் சுளுக்கியது. செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கே சுளுக்கியது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. காலை மாற்றுவது பயிற்சி. வீடியோ விளையாட்டுக்குத் தனி மந்திரம் எதுவும் இல்லை. ஆனால், தாளை மூன்றாம் நாள் மடித்து வைத்துவிடும் என்னைப் போன்றவர்களை நான்காம் நாளும் பயிற்சிக்கு இழுத்து வர விளையாட்டால் முடியும். என் கணக்கில் அதன் மதிப்பு அவ்வளவுதான். எனக்கு அது குறைவாகவும் படவில்லை.

பலகை ஏமாறும் இடம்

வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு 20 நிமிடம் என்று ஆறு வாரம் விளையாடினேன். வெறுங்கால், பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சுவர், வலி கூடினால் நிறுத்துவது, ரப்பர் பட்டைப் பயிற்சியை விடாமல் செய்வது ஆகியவை சிகிச்சையாளர் விதித்த நிபந்தனைகள். மூன்றாம் வாரத்தில் என் மதிப்பெண் மளமளவென்று ஏறியது. பெருமையாக அவரிடம் காட்டினேன். அவர் சற்று நேரம் என்னை விளையாடச் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஸ்கோர் ஏறுதும்மா, ஆனா விளையாடுறது உன் இடுப்பு. கணுக்கால் சும்மாதான் நிக்குது" என்றார்.

உண்மைதான். பலகைக்குப் பளு எங்கே விழுகிறது என்பது மட்டுமே தெரியும். எந்த மூட்டு வேலை செய்தது என்பது தெரியாது. வலியும் அதற்குத் தெரியாது. மேலும், பலகை தட்டையானது, அசையாதது. தெருவோ அப்படி இல்லை. கையில் பை இருக்கும், மழை ஈரம் இருக்கும், பின்னால் மணி அடித்துக்கொண்டு திரிஷா வரும். பலகையில் மட்டும் தேறியவர் பலகையில் நிற்கத்தான் தேறியிருப்பார்.

அதனால், கடைசி இரண்டு வாரத்தில் பயிற்சியின் பாதியைத் திரைக்கு வெளியே கொண்டுவந்தோம். தலையணைமேல் ஒற்றைக் காலில் நின்று தம்பி எறியும் பந்தைப் பிடித்தேன். சிறு தாவலாகத் தாவி, இறங்கிய இடத்திலேயே மூன்று விநாடி அசையாமல் நின்றேன். பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் சேருமுன், அந்த ஐந்தடி நடைபாதையிலேயே ஏறி இறங்கினேன். கடைசியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டும் நடந்தேன். ஏன் அரிசிப் பை என்று அக்கா கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

நாம் செய்யக்கூடியவை

கருவி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சுளுக்கு ஆறி, மருத்துவரோ சிகிச்சையாளரோ சரி என்ற பிறகு, கீழ்க்காணும் படிகளை விடுதி அறையிலேயே செய்யலாம்.

1. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். 30 விநாடி, மூன்று முறை.
2. அது எளிதானால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். கண் உதவாதபோதுதான் கால் கற்கும். சுவர் அருகில் இருக்கட்டும்.
3. பிறகு தலையணைமேல் நில்லுங்கள். நண்பரைப் பந்து எறியச் சொல்லுங்கள்.
4. ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி, வெளிப்புறமாக 15 முறை இழுங்கள். மூன்று சுற்று.
5. இறுதியாகத் தாவி இறங்கி நில்லுங்கள். முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும்.

உங்கள் கால் எந்நிலையில் இருக்கிறது என்று அறிய, 2006-இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஒன்பது கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் இருக்கிறது. மொத்தம் 30 மதிப்பெண். 2013-இல் பன்னாட்டுக் கணுக்கால் ஆய்வாளர் குழு வகுத்த அளவின்படி, 24-உம் அதற்குக் கீழும் நிலையின்மையைக் காட்டும். தொடங்கும்போது எனக்கு 15. ஆறு வாரம் கழித்து 23. அதாவது, அந்த அளவுகோலின்படி நான் இன்னும் தேர்ச்சி பெறவில்லை.

முடிவுரை

தேர்ச்சி பெறாத ஒருத்தி பாடம் நடத்தலாமா என்று நீங்கள் கேட்கலாம். நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் எழுதும் வரை காத்திருந்தால், இப்போது பயிற்சித் தாளைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கும் நண்பர் இன்னொரு முறை விழுந்துவிடுவார். அவருக்காகத்தான் இதை எழுதினேன். விளையாட்டு உங்களைப் பயிற்சிக்கு அழைத்து வருமானால் தாராளமாக விளையாடுங்கள். ஆனால், திரையில் ஏறும் மதிப்பெண்ணை நம்பி நின்றுவிடாதீர்கள். கால் கற்க வேண்டியது நீங்கள் நாள்தோறும் நடக்கும் தரையில்.

சென்ற மாதம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மூவரும் அந்தச் சாலையில் நடந்தோம். குழந்தை இப்போது நடக்கிறான். ஆனால் பாதி வழியில் தூக்கு என்று கை நீட்டுவான். நான்தான் தூக்கிக்கொண்டேன். கடை மாறும் இடத்தில் அந்தப் படி வந்தது. அக்கா கை நீட்டவில்லை. ஆனாலும் என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்துத்தான் இறங்கினேன்.